கொண்டலாம்பட்டிக் கறுப்பு

பைபாஸ் ஓரம், லாரிகளுக்கு ஆயில் மாற்றும் பட்டறை.
ஐந்து லிட்டர் கேனை நீட்டியபடி கமாலுதீன்
"இதுக்குப் போய் ரசீது கேக்குறீங்களே மேடம்" என்றார்.
ஆய்வு நிதிக்குத் தணிக்கை உண்டு என்றேன்.
காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்:
பழைய ஆயில், 5 லி., விலை இல்லை.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு.

தொப்பூர்க் கணவாயில் கொதித்த எண்ணெய் இது.
ஆத்தூர் மரவள்ளி மூட்டைகளை ஏற்றிப் போயிருக்கும்,
ஒரு தடவை யாரோ மாற்றலாகிப் போனபோது
அவர்கள் கட்டிலையும் தொட்டிச் செடிகளையும்.
ஓடி ஓய்ந்ததும்
பட்டறைக்குப் பின்னால் ஒரு பள்ளம்,
பள்ளத்திலிருந்து சாக்கடை,
சாக்கடையிலிருந்து திருமணிமுத்தாறு.
ஆற்றின் பெயரில் மணி இருக்கிறது, முத்தும் இருக்கிறது.
ஆற்றில் வானவில் மட்டும் மிதக்கிறது,
காக்கை இறங்கியும் கிழியாமல்.

பள்ளத்தருகே செருப்பு வழுக்கி
கேனோடு விழப்பார்த்தேன்.
வழுக்கியது எது என்று குனிந்தபோது, பச்சை.
எண்ணெய்க்கும் மண்ணுக்கும் நடுவே, நகக்கண் அளவு.
எரிச்சலோடு சுரண்டி எடுத்துக்கொண்டேன்.

ஆறு குடுவைகள்.
மூன்றில் தபாலில் வரவழைத்த தூய பாசி,
வேறெந்த உயிரும் கலவாதது, சான்றிதழோடு.
இரண்டில் வெறும் எண்ணெயும் தண்ணீரும், ஒப்பிட.
கடைசியில் அந்தச் சுரண்டல். கணக்கில் சேராதது.

பாசி தனியாகச் செய்வதில்லை என்று
புதிய கட்டுரைகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.
வெளிச்சத்தைத் தின்று பாசி விடும் மூச்சில்
பாக்டீரியா எண்ணெயை அறுக்கும்,
அது விடும் மூச்சு மறுபடி பாசிக்கு.
படித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன்.
ஆனாலும் சான்றிதழைத்தான் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் மின்தடை.
குடுவை கழுவும் தங்காயி அக்காவும் நானும்
ஆளுக்கு மூன்றாகக் கையாலேயே ஆட்டினோம்.
"தயிர் கடைஞ்சாக்கூட வெண்ணெய் வரும்" என்றாள்.
இருபதாம் நாள் தூய பாசிகள் மஞ்சளாயின.
ஒப்பீட்டுக் குடுவைகளிலும் எண்ணெய் குறைந்திருந்தது,
கொஞ்சம் காற்றில், கொஞ்சம் கண்ணாடிச் சுவரில்.
காணாமல் போனதெல்லாம் ஜீரணமானது என்று
எழுதிவிடக் கூடாது.

கருவி வரையும் கோட்டில் இந்த எண்ணெய் ஒரு மலை.
தனித்தனியாகப் பிரிக்க முடியாத எதையெதையோ
ஒன்றாகக் குவித்த மேடு.
நாற்பத்திரண்டாம் நாள்
ஆறாவது குடுவையின் மலை பாதி கரைந்திருந்தது.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன்
வெள்ளைக்கல் தோண்டிய காயங்களோடு நின்றது.
அதைக் கரைக்க யாருக்கும் பாசி தேவைப்படவில்லை.

வழிகாட்டி நப்பின்னை காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்:
"ஒரு குடுவை ஆதாரமில்லை. அதிர்ஷ்டம்."
ஈயமும் துத்தநாகமும் எங்கே போயின என்றும் கேட்டார்.
எங்கேயும் போகவில்லை. பாசிக்குள் இருக்கின்றன.
உலோகத்தைத் தின்ன முடியாது,
வைத்துக்கொள்ளத்தான் முடியும்.

மறுநாளே கொண்டலாம்பட்டிக்கு ஓடினேன்.
பள்ளம் வெள்ளை வெளேரென்று இருந்தது.
"போன தடவை வழுக்கிட்டீங்களே,
ரெண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிட்டேன்"
என்றார் கமாலுதீன், டீ சொல்லிவிட்டு.
அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை.
நன்றி சொன்னேன். அது நினைவிருக்கிறது.

குடுவையில் மிச்சம் நூறு மில்லி.
மூன்றாகப் பிரித்து எண்ணெய் விட்டு
விளக்கின் கீழ் வைத்தேன்.
இனம் என்னவென்று இன்னும் தெரியாது,
ஆகவே சீட்டில்: கமாலுதீன் பள்ளம் 1, 2, 3.
மூன்றாவதை ஆட்டும்போது
மேஜையில் ஒரு சொட்டு சிந்தியது.
தங்காயி அக்கா துணியோடு வந்தாள்.
இருக்கட்டும், என்றேன்.